மாவட்டம் முதலிடம் என்றால் பள்ளியும் நல்ல பள்ளியா?

வாசகி கேள்வி: நாங்கள் கோவையில் இருக்கிறோம். என் கணவருக்குத் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்குப் பிரிவில் வேலை கிடைத்திருக்கிறது. மகள் ஏழாம் வகுப்பையும் மகன் இரண்டாம் வகுப்பையும் முடிக்கிறார்கள். இருவரும் மெட்ரிக் பள்ளியில் ஆங்கில வழியில் படிக்கிறார்கள். குடிமாறும்போது அரசுப் பள்ளியில் சேர்த்துவிடலாமா என்று யோசிக்கிறோம். கட்டணச் சுமை ஒரு காரணம். பன்னிரண்டாம் வகுப்புத் தேர்ச்சியில் திருப்பூர் மாவட்டம் மாநிலத்தில் முதலிடம் வந்தது என்று கேள்விப்பட்டது இன்னொரு காரணம். அவிநாசி, பல்லடம், ஊத்துக்குளி என்று எங்கே வேண்டுமானாலும் வீடு பார்க்கலாம். பெருந்துறைப் பக்கம் போய் ஈரோடு மாவட்டத்தில் இருந்தாலும் சரிதான். இவ்வளவு பெரிய மாவட்டத்தில் அரசுப் பள்ளிகளின் தரத்தை எதை வைத்து எடைபோடுவது? பிள்ளைகளுக்கு அரசின் உதவித்தொகை, மருத்துவப் படிப்பு இடஒதுக்கீடு எல்லாம் கிடைக்கும் என்கிறார்களே, உண்மையா? மாமியார் வீட்டில் யாருக்கும் இதில் சம்மதம் இல்லை.

பதில் (ஓய்வு பெற்ற வட்டாரக் கல்வி அலுவலர்):

அன்புள்ள அம்மணிக்கு,

நீங்கள் தேர்ச்சி விழுக்காட்டிலிருந்து தொடங்கியிருக்கிறீர்கள். நானும் அதிலிருந்தே வருகிறேன்.

2024-ஆம் ஆண்டு பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வில் திருப்பூர் மாவட்டம் 97.45 விழுக்காடு பெற்று முதலிடத்தில் இருந்தது உண்மை. அந்த ஆண்டு மாநில அளவு 94.56. பக்கத்து ஈரோடு மாவட்டம் 97.42. இரண்டு மாவட்டங்களுக்கும் உள்ள வேறுபாடு, பத்தாயிரம் பேர் தேர்வு எழுதினால் மூன்று பேர். மறு ஆண்டு, 2025-இல், அரியலூர் 98.82 எடுத்து முதலிடத்துக்கு வந்தது. ஈரோடு 97.98, திருப்பூர் 97.53. கவனித்துப் பாருங்கள்: திருப்பூரின் விழுக்காடு முந்தைய ஆண்டைவிடக் கூடத்தான் செய்திருக்கிறது, ஆனால் இடம் இறங்கிவிட்டது. ஓராண்டில் பள்ளிகள் கெட்டுப்போய்விட்டனவா? இல்லை. மேலே உள்ள மாவட்டங்கள் எல்லாம் ஒன்றையொன்று உரசிக்கொண்டு நிற்கின்றன. ஊத்துக்குளியா பெருந்துறையா என்று முடிவு செய்ய இந்த எண்கள் உங்களுக்கு உதவாது. கணவர் வேலைக்குப் போய்வர எது தோதோ அதைப் பாருங்கள்.

அந்த 97.45 என்ற எண்ணுக்குள் யார் யார் இருக்கிறார்கள் என்பதும் முக்கியம். மாவட்டத் தேர்ச்சி என்று செய்தித்தாளில் வருவது அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளி, மெட்ரிக் பள்ளி எல்லாம் சேர்ந்த கணக்கு. தனியார் பள்ளிகள் வேர்பிடித்த நம் பக்கத்தில் அவற்றின் பங்கும் அதில் கணிசமாக இருக்கிறது. அரசுப் பள்ளிகளுக்கான தேர்ச்சி விழுக்காட்டை முடிவு வெளியாகும் அன்றே தேர்வுத்துறை தனியாகத் தருகிறது. நீங்கள் பார்க்க வேண்டியது அதைத்தான். அடுத்து, இது தேர்வு எழுதியவர்களில் எத்தனை பேர் தேறினார்கள் என்ற கணக்கு. எழுத வராதவர்கள் இதில் இல்லை. 2023 மார்ச்சில் பன்னிரண்டாம் வகுப்பு முதல் நாள் மொழிப்பாடத் தேர்வுக்கு மாநிலம் முழுவதும் 50,000-க்கும் மேற்பட்டவர்கள் வரவில்லை. அது அப்போது பெரிய அதிர்ச்சியாகப் பேசப்பட்டது. அவர்கள் எல்லாரும் ஒன்பதாம் வகுப்பிலும் பத்தாம் வகுப்பிலும் ஏதோ ஒரு பள்ளியின் வருகைப் பதிவேட்டில் இருந்த பிள்ளைகள்.

ஆகவே ஒரு பள்ளியோ மாவட்டமோ "நூறு சதவீதம்" என்று சொன்னால் நான் அடுத்து கேட்கும் கேள்வி ஒன்றுதான்: போன ஆண்டு ஒன்பதாம் வகுப்பில் எத்தனை பேர் இருந்தார்கள், அவர்களில் எத்தனை பேர் இந்த ஆண்டு பத்தாம் வகுப்புத் தேர்வு மண்டபத்தில் உட்கார்ந்தார்கள்? ஒன்பதில் 62 பேர் இருந்து, பத்தில் 51 பேர் எழுதி, 51 பேரும் தேறினால், அந்த நூறு சதவீதம் எனக்கு மகிழ்ச்சி தராது. மீதி 11 பேர் எங்கே? குடும்பத்தோடு ஊர் மாறியிருக்கலாம், நியாயமான காரணம் இருக்கலாம். "இவன் தேற மாட்டான், டி.சி. வாங்கிக்கொள்ளுங்கள்" என்று அனுப்பப்பட்டும் இருக்கலாம். 11 பேரின் பெயரையும் சொல்லி, அவரவர் எங்கே போனார் என்று சொல்கிற தலைமையாசிரியர் இருக்கிறார் என்றால், அந்தப் பள்ளியை மேற்கொண்டு ஆராயாமலே சேர்க்கலாம் என்பேன்.

தேர்ச்சி விழுக்காட்டை நான் மட்டம் தட்டவில்லை. மாலை ஆறு மணி வரை சிறப்பு வகுப்பு வைத்து, தேர்வுக்கு வராத பையனின் வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டி அழைத்து வந்த ஆசிரியர்களின் உழைப்பு அதில் இருக்கிறது. ஒரு மாவட்ட நிர்வாகம் சுறுசுறுப்பாக இருக்கிறது என்பதற்கு அது ஒரு சான்று. ஆனால் பத்திலும் பன்னிரண்டிலும் 35 மதிப்பெண் எடுக்க வைப்பது வேறு, மூன்றாம் வகுப்பில் வாசிக்கக் கற்றுக்கொடுப்பது வேறு. முதலாவது கடைசி ஆறு மாத உழைப்பிலும் நடந்துவிடும். இரண்டாவது அப்படி நடக்காது.

கொங்கு நாட்டுப் பெற்றோருக்கு இதை நான் சற்று அழுத்தியே சொல்ல வேண்டியிருக்கிறது. மதிப்பெண்ணைப் பார்த்துப் பள்ளியைத் தேடி ஓடிய பழக்கம் நமக்கு அதிகம். நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோட்டு விடுதிப் பள்ளிகளில் இடம் கிடைக்கத் தோட்டத்தை அடமானம் வைத்த குடும்பங்களை நமக்குத் தெரியும். பல தனியார் பள்ளிகளில் பதினொன்றாம் வகுப்புப் பாடத்தையே தொடாமல், இரண்டு ஆண்டும் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே உருப்போட வைத்தார்கள். அந்தப் பிள்ளைகள் பொறியியல் கல்லூரி முதலாண்டில் அடிப்படை தெரியாமல் திணறினார்கள். இதைத் தடுக்கத்தான் 2017-18 கல்வியாண்டில் பதினொன்றாம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு கொண்டுவந்தார்கள். மாநில அளவில் முதல் மூன்று இடங்களை அறிவிக்கும் வழக்கத்தையும் 2017-இல் நிறுத்தினார்கள். மாணவர்களுக்கு ரேங்க் அறிவிப்பது நின்றுவிட்டது. மாவட்டங்களுக்கு மட்டும் இன்றும் நாம் ரேங்க் போட்டுக்கொண்டிருக்கிறோம்.

அப்படியானால் மாவட்டத்தை எடைபோடவே முடியாதா என்றால், முடியும். கொஞ்சம் மெனக்கெட வேண்டும்.

தேர்வு முடிவைவிட எனக்கு நம்பிக்கை உள்ளவை கற்றல் அடைவு ஆய்வுகள். 2021 நவம்பரில் நடந்த தேசிய அடைவு ஆய்வு 3, 5, 8, 10 வகுப்புகளைச் சோதித்தது. 2024 டிசம்பரில் நடந்த அடுத்த சுற்று 3, 6, 9 வகுப்புகளை எடுத்துக்கொண்டது. இரண்டிலும் மாவட்ட வாரியான அறிக்கை உண்டு. தமிழ்நாடு அரசும் 2025 பிப்ரவரியில் 3, 5, 8 வகுப்புகளுக்குத் தனியாக மாநில அடைவு ஆய்வு நடத்தியது. இவை பள்ளியில் வைத்து எழுதப்படுபவை. 'ஏசர்' ஆய்வு வேறு மாதிரி: கிராமத்துக்குள் போய், வீட்டுத் திண்ணையில் பிள்ளையை உட்கார வைத்து, ஒரு தாளில் உள்ள பத்தியைப் படிக்கச் சொல்கிறது. பள்ளிக்கு அன்று வராத பிள்ளையும் அதில் அகப்படும் என்பதால் அதன் கண்ணாடி வேறு. ஆனால் அது கிராமப்புறத்தை மட்டுமே பார்க்கிறது. திருப்பூர் மாநகர் அதில் வராது.

இந்த அறிக்கைகள் கையில் கிடைத்தால் "எத்தனையாவது இடம்" என்ற வரியைத் தாண்டிச் செல்லுங்கள். மூன்றாம் வகுப்பில் உள்ள நிலையையும் எட்டு அல்லது ஒன்பதாம் வகுப்பில் உள்ள நிலையையும் மாநில சராசரியோடு ஒப்பிடுங்கள். மூன்றாம் வகுப்பில் சராசரிக்குக் கீழே இருந்து எட்டாம் வகுப்பில் மேலே போயிருக்கும் மாவட்டத்தில் பள்ளிகள் பாடம் நடத்துகின்றன என்று அர்த்தம். மூன்றில் மேலே இருந்து எட்டில் சரிந்திருந்தால், வீட்டில் கிடைத்த அடித்தளத்தை நடுநிலை வகுப்புகள் கரைத்துவிட்டன. வசதியான குடும்பத்துப் பிள்ளைகள் நிறைந்த மாவட்டம் எப்போதும் கொஞ்சம் மேலேதான் இருக்கும். பள்ளி என்ன சேர்த்தது என்பதை ஏறுமுகம், இறங்குமுகத்தில்தான் பார்க்க முடியும்.

அதைவிட முக்கியமாக நான் பார்ப்பது ஒன்று இருக்கிறது. பரம்பிக்குளம் ஆழியாறு பாசனத்தில் தண்ணீர் விட்டால் கடைமடையில் இருக்கும் வெள்ளகோவில் கிளைக் கால்வாய்க்காரர்கள் என்ன சொல்கிறார்கள் என்று கேட்பது நம் பக்கத்து வழக்கம். தலைமடைக்குத் தண்ணீர் பாய்ந்ததை வைத்து யாரும் அணை நிர்வாகத்தைப் பாராட்டுவதில்லை. கல்வி மாவட்டமும் அப்படித்தான். அவிநாசி சாலையில், பஸ் வசதியோடு இருக்கும் மேல்நிலைப் பள்ளியில் எல்லா ஆசிரியர் இடங்களும் நிரம்பியிருக்கும். அங்கே மாறுதல் வாங்கக் கலந்தாய்வில் போட்டியே நடக்கும். மூலனூர், குண்டடம் பக்கம் வானம் பார்த்த பூமியில் இருக்கும் சிறு பள்ளியிலும், உடுமலைக்கு மேலே மலைக் குடியிருப்பிலும், ஈரோடு மாவட்டம் என்றால் தாளவாடி, பர்கூர், கடம்பூர் மலையிலும் நிலைமை என்ன? அங்கே கணித ஆசிரியர் இடம் எத்தனை மாதமாகக் காலியாக இருக்கிறது? கடைமடைப் பள்ளியைக் கைவிடாத அலுவலகம், உங்கள் ஊர்ப் பள்ளியில் ஒரு ஆசிரியர் மகப்பேறு விடுப்பில் போனாலும் மாற்றுக்கு ஆள் பார்க்கும். முதன்மைக் கல்வி அலுவலரின் குணம் கடைசிப் பள்ளியில்தான் தெரியும்.

இங்கே சராசரி எப்படி ஏமாற்றும் என்பதையும் சொல்ல வேண்டும். கல்வி உரிமைச் சட்டப்படி தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர் போதும். 61 முதல் 90 வரை மூன்று பேர். மாவட்டம் முழுவதும் எத்தனை மாணவருக்கு ஓர் ஆசிரியர் என்று பார்த்தால் அழகான விகிதம் வரும். ஆனால் 22 பிள்ளைகள் படிக்கும் ஈராசிரியர் பள்ளியை எடுத்துக்கொள்ளுங்கள். கணக்குப்படி 11 பேருக்கு ஓர் ஆசிரியர். எந்த ஆடம்பரப் பள்ளியிலும் இல்லாத விகிதம். உள்ளே போனால் ஐந்து வகுப்புகளை இரண்டு பேர் பகிர்ந்துகொண்டு நடத்துகிறார்கள். அதில் ஒருவர் தலைமையாசிரியர். அவருக்குப் பதிவேடு, இணையத்தில் தகவல் ஏற்றுவது, கூட்டம் என்று ஆயிரம் வேலை. அவர் வட்டார வள மையத்துக்குக் கூட்டத்துக்குப் போன அன்று ஐந்து வகுப்பும் ஒருவர் தலையில். இன்னொரு பக்கம், நகரத்தை ஒட்டிய நடுநிலைப் பள்ளியில் ஆறாம் வகுப்பு ஒரே அறையில் பிதுங்கும். இரண்டையும் கூட்டிச் சராசரி எடுத்தால் எல்லாம் சரியாக இருப்பதுபோலத் தோன்றும். ஆகஸ்ட் 1-ஆம் தேதி மாணவர் எண்ணிக்கையை வைத்துத்தான் பணியாளர் நிர்ணயம் செய்கிறார்கள். அதன் பிறகே உபரி ஆசிரியர்களைப் பணிநிரவலில் மாற்றுகிறார்கள். ஆகவே ஜூனில் பார்த்த ஆசிரியர் தீபாவளிக்குப் பிறகும் அதே பள்ளியில் இருப்பாரா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

திருப்பூருக்கென்றே இன்னொரு அளவுகோல் உண்டு. பீகார், ஒடிசா, ஜார்க்கண்டிலிருந்தும் நம் தென்மாவட்டங்களிலிருந்தும் பிழைக்க வந்த குடும்பங்களின் பிள்ளைகள் அங்கே ஆண்டு முழுவதும் வந்து சேருகிறார்கள். நவம்பரில் ஒரு காம்பவுண்டு வீட்டிலிருந்து ஒன்பது வயதுப் பெண் குழந்தை வருகிறாள். ஒடியா பேசுகிறாள், தமிழ் ஓர் எழுத்து தெரியாது. சட்டப்படி வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்து, சிறப்புப் பயிற்சி கொடுத்து, மற்றவர்களோடு கொண்டுவந்து சேர்க்க வேண்டும். இதைச் செய்யும் பள்ளி உண்டு. கடைசி பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு மறந்துபோகும் பள்ளியும் உண்டு. "அங்கே வடநாட்டுப் பிள்ளைகள் அதிகம், வேண்டாம்" என்று உங்களிடம் யாராவது சொல்வார்கள். எனக்கு அதில் சிறிதும் உடன்பாடில்லை. அந்தப் பெண் மார்ச்சில் தமிழில் நாலு வரி படிக்கிறாள் என்றால், அங்கே ஒவ்வொரு பிள்ளையும் எந்தப் படியில் நிற்கிறது என்று ஆசிரியருக்குத் தெரிந்திருக்கிறது. உங்கள் மகனுக்கும் அப்படிப்பட்ட ஆசிரியர்தான் வேண்டும்.

இனிப் பள்ளிக்கு வருகிறேன். வீடு பார்க்கும் சுற்றுவட்டாரத்தில் மூன்று பள்ளிகளைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பள்ளிக்கும் பதினோரு இலக்க 'யூடைஸ்' எண் உண்டு. அதை வைத்து அந்தப் பள்ளியின் மாணவர் எண்ணிக்கை, ஆசிரியர் எண்ணிக்கை, வகுப்பறை, கழிப்பறை விவரங்களை இணையத்தில் யாரும் பார்க்கலாம். வகுப்பு வாரியாக மாணவர் எண்ணிக்கையை மூன்று ஆண்டுகளுக்கு எடுத்து ஒரு தாளில் எழுதுங்கள். இந்த ஆண்டு இரண்டில் இருந்தவர்கள் அடுத்த ஆண்டு மூன்றில் இருக்கிறார்களா, அதற்கு அடுத்த ஆண்டு நான்கில் இருக்கிறார்களா என்று குறுக்காகப் படித்துப் பாருங்கள். பெற்றோர் பிள்ளைகளை எடுத்துக்கொண்டு போகும் பள்ளியையும், கொண்டுவந்து சேர்க்கும் பள்ளியையும் அந்தத் தாள் காட்டிக்கொடுத்துவிடும்.

பிறகு நேரில் போங்கள். ஆண்டு விழா, திறப்பு விழா நாளில் போகாதீர்கள். சாதாரண வேலை நாளில், காலைப் பொழுதில், தலைமையாசிரியரிடம் அனுமதி கேட்டு, மகனையும் கூட்டிக்கொண்டு போங்கள். மூன்றாம் வகுப்பு அறையில் கரும்பலகையின் மூலையில் 'பதிவு', 'வருகை' என்று இரண்டு எண் எழுதியிருப்பார்கள். இன்றைய தேதி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அந்த வருகை எண்ணையும் அறையில் இருக்கும் தலைகளையும் மனத்துக்குள் ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று கற்றல் நிலைப்படி பிரித்திருப்பார்கள். 2022-இல் தொடங்கியது இது. எட்டு வயதுக்குள் எழுத்தும் எண்ணும் எல்லாப் பிள்ளைகளுக்கும் கைவர வேண்டும் என்பது நோக்கம். ஆசிரியரிடம், "அரும்பில் எத்தனை பேர், ஜூனில் எத்தனை பேர் இருந்தார்கள்?" என்று கேளுங்கள். நல்ல ஆசிரியர் இந்தக் கேள்விக்குக் கோபப்பட மாட்டார். அவருக்கு முகம் மலரும். ஏனென்றால் பெற்றோர் யாரும் இதைக் கேட்பதில்லை.

ஒரு பிள்ளையின் தமிழ் நோட்டைப் பார்க்கக் கேளுங்கள். அது முதல் பெஞ்சுப் பிள்ளையின் நோட்டாக இல்லாமல் இருக்கட்டும். சிவப்பு மையில் வெறும் 'சரி' குறியும் தேதியும் மட்டும் இருந்தால், நோட்டுத் திருத்தப்பட்டிருக்கிறது, படிக்கப்படவில்லை. 'பள்ளிகூடம்' என்று பிள்ளை எழுதியதற்கு மேல் ஒரு 'க்' போட்டு, அடுத்த பக்கத்தில் அதே சொல்லைப் பிள்ளை சரியாக எழுதியிருப்பதைப் பார்த்தால், அந்த அறையில் பாடம் நடக்கிறது. மகனுடைய வயதில் இருக்கும் ஒரு பிள்ளையிடம், பாடப்புத்தகத்தை விட்டுவிட்டு, வாசிப்பு மூலையில் தொங்கும் கதைப் புத்தகம் ஒன்றை எடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். பாடப்புத்தகப் பக்கத்தைக் கேட்டுக் கேட்டே மனப்பாடமாக ஒப்பித்துவிடுவார்கள். கதைப் புத்தகத்தில் அது நடக்காது. ஆங்கில வழி என்று பலகை இருந்தால், ஆங்கில வழிக்கும் தமிழ் வழிக்கும் தனித்தனியாக ஆசிரியர் இருக்கிறாரா, இரண்டையும் ஒரே அறையில் ஒருவரே நடத்துகிறாரா என்று கேளுங்கள். சிறு பள்ளிகளில் பெரும்பாலும் பின்னதுதான். அப்படி இருந்தால் மகன் தமிழ் வழியில் சேருவது நல்லது என்பது என் கருத்து.

பெண்கள் கழிப்பறைக்கு நீங்களே போய்ப் பாருங்கள். தண்ணீர் வருகிறதா, உள்தாழ்ப்பாள் இருக்கிறதா. மகள் நாள் முழுவதும் தண்ணீர் குடிக்காமல் இருந்துவிட்டு வீட்டுக்கு வருகிற பள்ளியில் மற்ற எதுவும் சரியாக இருந்து பயனில்லை. பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவி யார் என்று கேட்டு அவரிடமும் பேசுங்கள். அந்தக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர் இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்பது சட்டம். கடைசிக் கூட்டத்தில் என்ன தீர்மானம் போட்டீர்கள், அது என்ன ஆயிற்று என்று கேட்டால் அவர் சொல்கிற பதிலில் பள்ளி திறந்த கதவா மூடிய கதவா என்று தெரிந்துவிடும். தலைவி, தான் எங்கே கையெழுத்துப் போட்டோம் என்பதையே மறந்திருந்தால், குழு காகிதத்தில் மட்டும் இருக்கிறது.

புது வண்ணம் பூசிய சுவர், திறன் வகுப்பறைத் திரை, வாசலில் மதிப்பெண்ணோடு கட்டிய பிளெக்ஸ் இவற்றுக்கு அதிக எடை கொடுக்காதீர்கள். 'மாதிரிப் பள்ளி' மாணவர்கள் பெரிய கல்வி நிறுவனங்களில் இடம் பிடித்ததையும் மாவட்டத்தின் தரத்துக்குச் சான்றாகக் காட்டுவார்கள். நல்ல முயற்சிதான், ஏழைப் பிள்ளைகளுக்கு அது பெரிய வாசல். ஆனால் மாவட்டம் முழுவதிலிருந்தும் தேர்ந்தெடுத்த பிள்ளைகள் தங்கிப் படிக்கும் இடம் அது. அதை வைத்து உங்கள் ஊர் உயர்நிலைப் பள்ளியை மதிப்பிட முடியாது.

மகள் விஷயம் தனி. எட்டாம் வகுப்புக்கு வருகிறாள். இந்த இடத்தில் உங்களுக்கு ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு, 2020-இல் சட்டமானது, ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு. கல்லூரிப் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டத்துக்கும் ஆறு முதல் பன்னிரண்டு என்பதுதான் அளவு. மகள் ஆறும் ஏழும் தனியார் பள்ளியில் முடித்துவிட்டாள். கல்வி உரிமைச் சட்டத்தின் 25 விழுக்காடு ஒதுக்கீட்டில் சேர்ந்து, எட்டாம் வகுப்பு வரை அதிலேயே படித்து, ஒன்பதிலிருந்து அரசுப் பள்ளிக்கு வந்தவர்களுக்கு விலக்கு உண்டு. கட்டணம் கட்டிப் படித்தவர்களுக்கு இல்லை. ஆகவே இந்தச் சலுகைகளை எண்ணி மகளை மாற்றாதீர்கள். உறவினர் யாராவது "எல்லாம் கிடைக்கும்" என்று சொல்லியிருந்தால் அது தவறான தகவல். மகனுக்கு அந்த உள்ஒதுக்கீடும், புதுமைப் பெண் திட்டம்போலப் பையன்களுக்கென்று உள்ள தமிழ்ப் புதல்வன் திட்டமும் பொருந்தும்: ஆறாம் வகுப்புக்கு முன்பே வந்துவிடுகிறான். தமிழ்ப் புதல்வன் 2024 ஆகஸ்ட்டில் உங்கள் கோவையில்தான் தொடங்கிவைக்கப்பட்டது.

மகளுக்குப் பள்ளி பார்க்கும்போது உயர்நிலைப் பள்ளியைவிட மேல்நிலைப் பள்ளியாகப் பாருங்கள். பத்து முடித்ததும் மறுபடி இடம் தேட வேண்டியிருக்காது. பதினொன்றாம் வகுப்பில் என்னென்ன பாடப்பிரிவு இருக்கிறது, இயற்பியலுக்கும் கணிதத்துக்கும் முதுகலை ஆசிரியர் நிரந்தரமாக இருக்கிறாரா, பெற்றோர் ஆசிரியர் கழகம் மூலம் தற்காலிகமாக வைத்திருக்கிறார்களா என்று கேளுங்கள். தற்காலிக ஆசிரியர்களில் மிகச் சிறந்தவர்கள் உண்டு. அவர்களுக்குக் கிடைக்கும் சம்பளத்தில் எத்தனை நாள் தாக்குப்பிடிப்பார்கள் என்பதுதான் கவலை. பாடத்திட்டத்தைப் பற்றிப் பயப்பட வேண்டாம்: மெட்ரிக் பள்ளியிலும் அரசுப் பள்ளியிலும் ஒரே சமச்சீர்ப் பாடம்தான். மகளுக்கு விருப்பமில்லை, தோழிகளைப் பிரிய மனமில்லை என்றால் அதையும் காதில் வாங்குங்கள். பதின்மூன்று வயதுப் பிள்ளையைக் கேட்காமல் எடுக்கும் முடிவு எவ்வளவு நல்ல பள்ளியாக இருந்தாலும் தடுமாறும். மகனை மட்டும் இப்போது மாற்றிவிட்டு, மகளைப் பதினொன்றில் மாற்றுவதிலும் தவறில்லை.

மாவட்ட அளவில் இன்னும் ஆழமாகத் தெரிந்துகொள்ள விரும்பினால் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. முதன்மைக் கல்வி அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு 10 ரூபாய்க் கட்டணத்தோடு மனு எழுதி, ஒன்றிய வாரியாக அனுமதிக்கப்பட்ட ஆசிரியர் பணியிடம், நிரம்பியது, காலியானது, எந்தத் தேதியிலிருந்து காலி என்று கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். கடைமடைப் பள்ளி பற்றி மேலே சொன்னதை நீங்களே சரிபார்த்துக்கொள்ளலாம். அடுத்த கிராம சபையில் அந்தத் தாளை எடுத்து வாசித்தால் ஊருக்கே பயன்.

மாமியார் வீட்டாரின் எதிர்ப்புக்கு என்னிடம் வாதம் எதுவும் இல்லை. பள்ளியைப் பார்க்கப் போகும்போது மாமியாரையும் கூட்டிக்கொண்டு போங்கள். மதிய உணவு நேரம் வரை இருந்து பிள்ளைகளோடு அவரும் பேசட்டும்.

முடிவு செய்துவிட்டால் ஏப்ரலிலேயே பழைய பள்ளியில் மாற்றுச் சான்றிதழுக்கு எழுதிக் கொடுங்கள். எழுதிக் கொடுத்ததன் நகலில் தேதியோடு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். பள்ளிக் கல்வித்துறை இணையப் பதிவில் பிள்ளைகளுக்கு உள்ள 'எமிஸ்' எண்ணைப் பொதுத் தொகுப்புக்கு விடுவிக்கச் சொல்லுங்கள். அதை விடுவிக்காவிட்டால் புதிய பள்ளியில் பெயர் ஏற்ற முடியாமல் புத்தகமும் சீருடையும் தள்ளிப்போகும். கட்டணப் பாக்கி என்று சொல்லி இழுத்தடித்தால் தயங்காமல் 14417 என்ற பள்ளிக் கல்வித்துறை உதவி எண்ணுக்குப் பேசுங்கள். எட்டாம் வகுப்பு வரை, மாற்றுச் சான்றிதழ் தாமதமாகிறது என்ற காரணத்தைச் சொல்லி அரசுப் பள்ளி சேர்க்கையை மறுக்கக் கூடாது என்று கல்வி உரிமைச் சட்டத்தின் ஐந்தாம் பிரிவு சொல்கிறது. இரண்டு பிள்ளைகளுக்கும் அது பொருந்தும்.